ஆனால் இல்லாத சரி

பிப்ரவரி 3

ஊசிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் 'ம்' என்பாய். உன் 'ம்'மைக் கேட்கப் பிடிக்காமல்தான் காகிதம் எடுத்திருக்கிறேன். போன் செய்யலாம் என்றால் அது உன் அப்பன் சட்டைப்பையில் அல்லவா குடியிருக்கிறது.

நான் இங்கே இடுப்பு எலும்பு உடைந்த ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. வாய்க்கு மட்டும் ஓய்வு இல்லை. அவரைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, திட்டு வாங்குவது, இந்த மூன்றும்தான் வேலை.

சொந்தக் கடை இருக்கும்போது நான் ஏன் இன்னொருத்தர் வீட்டில் வந்து கிடக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்தில் கிடந்தபோது என் தம்பி, அதுதான் உன் அப்பன், தோல் தைக்கும் என் பெரிய மெஷினை விற்றுவிட்டான். கேட்டதற்கு, "உன்கிட்ட கேட்டேனேக்கா, நீ ஒண்ணும் சொல்லல, சரின்னு எடுத்துக்கிட்டேன்" என்றான். மயங்கிக் கிடந்தவளிடம் கேட்டானாம். மெஷினை வண்டியில் ஏற்றும்போது நீ வாசலில் நின்றாய் என்றும் சொன்னார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அது கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்த பிறகு நீதான் கடையைத் திறந்து பை தைக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். வருமானம் யார் கைக்குப் போகிறது என்றும் கேள்விப்பட்டேன். இப்போது உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கடையையும் மிச்சமிருக்கிற சின்ன மெஷினையும் உன் பெயருக்கு வாடகைக்குத் தருகிறேன். உன்னால் முடிகிற வாடகைதான். தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே நிபந்தனை, சாவி உன் கையில் இருக்க வேண்டும். உன் அப்பன் கையில் இல்லை.

வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். உன் கையால் எழுதித் தபாலில் போடு. மாதக் கடைசி வரை பார்ப்பேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்கள். பட்ட பிறகு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அத்தை

*

பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடையைத் தருவதாகத் தாங்கள் தெரிவித்தது மிக்க மகிழ்ச்சி அளித்தது. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் விவரம் தெரியாத சிறு பெண் என்பதால் கடை அப்பா பெயரில் இருப்பதே பொருத்தமாக இருக்கும். சாவி ஒரே வீட்டில் யாரிடம் இருந்தாலும் ஒன்றுதான். வாடகையிலும் பாதியைக் குறைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். கூடப்பிறந்தவர்களுக்குள் கணக்குப் பார்ப்பது அழகல்ல. பழையதை மறந்து தாங்கள் நல்ல பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்

ஷட்டர் இன்னும் இடது பக்கம் சிக்குகிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கீழே ஒரு உதை விட்டுத்தான் தூக்குகிறேன்.

*

பிப்ரவரி 15

ஊசிக்கு,

இனிமேல் கடை முகவரிக்கே எழுதுவேன். தபால்காரர் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகட்டும்.

நீ அனுப்பிய கடிதத்தில் கடைசி இரண்டு வரி மட்டும் நீ. மற்றதெல்லாம் என் தம்பி. "கூடப்பிறந்தவர்களுக்குள் கணக்குப் பார்ப்பது அழகல்ல." மெஷின் விற்ற வாய் சொல்கிறது இதை. அவன் சொல்லச் சொல்ல நீ தலையைக் குனிந்து எழுதியிருப்பாய். எனக்கு உன் கழுத்துகூடத் தெரிகிறது.

கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வக்கீலம்மா பிடுங்கிப் படித்தார். படித்துவிட்டு, "இது சம்மதமே இல்லையேடி" என்றார். ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாளே என்றேன். "அதுக்குப் பக்கத்துலயே ஒரு 'ஆனால்' உட்கார்ந்திருக்கே, கண்ணு தெரியலையா? துணிக்கடையில நீ ஒரு சட்டையை எடுத்துக் காட்டற. அவ, 'எடுத்துக்கறேன், ஆனா நீலத்துல குடு, பாதி விலைக்குக் குடு'ன்னா, அது எடுத்துக்கறதா? நீ காட்டின சட்டையை மடிச்சு உன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா. இப்ப அவ கேக்கறது வேற சட்டை. குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்."

இன்னொன்றும் சொன்னார். அந்த 'ஆனால்' என் கைக்கு வந்ததுமே நான் சொன்ன சொல் முடிந்துவிட்டதாம். மாதக் கடைசி வரை என்று நான் தவணை கொடுத்திருந்தாலும் சரிதானாம். நாளைக்கே நீ மனம் மாறி, "நீங்கள் சொன்னபடியே சரி அத்தை" என்று எழுதினாலும் பழைய சொல் எழுந்து உட்காராது. நானாக மறுபடி கொடுத்தால்தான் உண்டு.

நான் மறுபடி கொடுப்பதாக இல்லை. பக்கத்து மெத்தைக்கடைக்காரர் சரக்கு அடுக்க இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்காவது வாயைத் திறந்து கேட்கத் தெரிகிறது.

அத்தை

*

பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பைக்கு அளவெடுக்கும் காகிதத்தின் பின்பக்கம். மன்னிக்கவும். அப்பா வீட்டில் இருக்கிறார். லாரி வேலை போனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார்.

முதல் கடிதம் அப்பா சொல்லி நான் எழுதியது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷட்டர் விஷயத்தை மட்டும் அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது எழுதினேன். அதைக்கூட நீங்கள் கண்டுபிடித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு மீதியைப் படித்தேன்.

மெஷினை ஏற்றிய அன்று நான் "வேண்டாம்" என்றேன் அத்தை. நிஜமாகவே சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும். எனக்குள் எல்லாமே சத்தமாகத்தான் இருக்கிறது. வாய்க்கு வரும்போது 'ம்' ஆகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் நடந்தது. தலைமை ஆசிரியை, "படிப்பை நிறுத்தறதுல உனக்குச் சம்மதமா?" என்று என்னைத்தான் கேட்டார். "அவளுக்கும் அதுதான் இஷ்டம் டீச்சர், அக்கா கடையில கைத்தொழில் கத்துப்பா" என்று அப்பா சொன்னார். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பூ இருந்தது. அது நிஜப் பூவா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனால் கடைக்கு வந்தது எனக்குப் பிடித்துப்போனது. அதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஜிப் போய்விட்டது, பையையே தூக்கி எறிய வேண்டியதுதான் என்று வருவார்கள். ஜிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதன் மேல் ஓடும் ரன்னர்தான் வாய் பிளந்திருக்கும். குறடால் லேசாக ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தால் அவர்கள் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்த இடத்தில் நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. பை பேசிவிடும்.

அப்பாவுக்குக் கடை கிடைத்தால் மெஷினை எடுத்துவிட்டு போன் கவர் விற்பாராம். என்னை வீட்டில் இருக்கச் சொல்வாராம். அவர் கெட்டவர் இல்லை அத்தை. வேலை இல்லாத மனுஷன். ஆனாலும் இந்த இடம் போய்விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

நீங்கள் மறுபடி கேட்பீர்களா? கேட்டால் இந்தத் தடவை 'ஆனால்' இருக்காது.

ஊசி

*

மார்ச் 1

ஊசிக்கு,

இவ்வளவு நீளமாக உனக்குப் பேசத் தெரியும் என்று யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வக்கீலம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடிக் குண்டு வந்த இடத்தில் அவர், "தண்ணி கொண்டா" என்று என்னை எழுப்பி அனுப்பினார். தாகம் ஒன்றும் இல்லை அவருக்கு.

மறுபடி கேட்கிறேன். அதே கடை, அதே சின்ன மெஷின், அதே வாடகை, சாவி உன் கையில். வேண்டுமென்றால் ஒரே வரி எழுதித் தபாலில் போடு.

எப்போது இது முடிந்த விஷயமாகும் என்று வக்கீலம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். உன் பதில் எனக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். நீ எழுதி ஒட்டித் தபால் பெட்டியில் போட்ட நிமிஷமே நான் மாட்டிக்கொண்டேனாம். கடிதம் வழியில் தொலைந்தாலும் மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதானாம். எனக்குத் தெரியாமலே நான் எப்படிக் கட்டுப்படுவேன், இதென்ன அநியாயம் என்றேன். "தபால்ல பதில் போடுன்னு சொன்னது யாரு? நீதானே. அப்ப வழியில வர்ற வம்பும் உன்னோடது" என்றார்.

நான் பின்வாங்குவதானால் கணக்கு வேறு. நான் எழுதிப் போட்டால் போதாது. அது உன் கைக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் நீ சரி என்று போட்டுவிட்டால், நான் எழுதியது வெறும் காகிதம்.

இதெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், உனக்குப் பேச வராது. பெட்டிக்குள் ஒரு காகிதம் போட வரும் அல்லவா? அது போதும் என்கிறது சட்டம். ரொம்ப நாள் யோசிக்காதே. மெத்தைக்கடைக்காரர் நச்சரிக்கிறார், நானும் மனுஷிதான்.

அத்தை

*

மார்ச் 9

அத்தைக்கு,

சரி. நீங்கள் சொன்னபடியே. கடை எனக்கு வேண்டும்.

ஊசி

*

மார்ச் 10

ஊசிக்கு,

உன் அப்பன் இன்று காலை போன் செய்தான். கடை முகவரிக்குக் கடிதம் வருகிறதென்று மெத்தைக்கடைக்காரர் சொன்னாராம். "ஏங்க்கா புள்ளையப் போட்டுப் பாடாப்படுத்தற? அவளுக்கு அந்தக் கடை வேணாம். உன்கிட்ட சொல்லக் கூச்சப்படறா" என்றான். அவளிடம் போனைக் கொடு என்றேன். கொடுத்தான்.

"உனக்குக் கடை வேண்டாமா?" என்று கேட்டேன். "ம்" என்றாய். "நிஜமா வேண்டாமா?" என்றேன். மறுபடி "ம்" என்றாய்.

அதற்கு மேல் என்னால் யாரையும் கெஞ்ச முடியாது. எனக்கும் வயசாகிறது. என் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கடை உனக்கு இல்லை. மெத்தைக்கடைக்காரரிடம் இப்போதே போனில் சொல்லிவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

எனக்கு ஒரே ஒரு பதில் எழுத உனக்கு இத்தனை நாள் போதவில்லை.

அத்தை

*

மார்ச் 15

அத்தைக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஷட்டருக்கு அடியில் தள்ள முடியாமல் தபால்காரர் என்னிடமே கொடுத்தார். ஷட்டருக்கு உள்ளே கூரை வரைக்கும் மெத்தை. அப்பாவிடம் இருந்த மாற்றுச் சாவியை வாங்கித் திறந்து, நேற்று நான் வீட்டுக்குப் போன பிறகு அடுக்கியிருக்கிறார்கள். சின்ன மெஷின் சுவரோரம் தலைகீழாகக் கிடந்தது. தைக்க வந்த பைகளெல்லாம் ஒரு சாக்குக்குள்.

நான் சரி என்று எழுதியது ஒன்பதாம் தேதி. பெட்டியில் போட்டதும் ஒன்பதாம் தேதி. அதற்கு முன்பு பெட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். அன்றைக்குப் போட்டுவிட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அந்த நிமிஷமே உங்களைப் பிடித்துவிட்டேன் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

அதனால்தான் மறுநாள் போனில் நான் ஒன்றும் பேசவில்லை. அப்பா என் பக்கத்தில் நின்றார். வேண்டும் என்று சொன்னால் அங்கேயே சண்டை நடக்கும். நான்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே, அது தபால் பையில் ஏறி அத்தையிடம் போய்க்கொண்டிருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். நீங்கள் கேட்டதற்கு 'ம்' என்றேன். நீங்கள் பேசுவது கேட்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியவர் நீங்கள். அப்பா உங்களிடம் செய்ததை, டீச்சர் என்னிடம் செய்ததை, நீங்களும் செய்துவிட்டீர்கள். உங்களிடம் மட்டும்தான் அத்தை நான் நீளமாகப் பேசினேன்.

இதை எழுதி முடித்துவிட்டு மெத்தைக்கடைக்காரரைப் பார்க்கப் போகிறேன். நான் விடப் போவதில்லை. கடை எனக்கு வேண்டும்.

ஊசி

*

மார்ச் 20

ஊசிக்கு,

உன் ஒருவரிக் கடிதம் எனக்குப் பன்னிரண்டாம் தேதியே வந்தது. வந்ததும் உறையைத் திருப்பிப் பார்த்தேன். உறையின் மேல் ஒன்பது என்று முத்திரை. வக்கீலம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். "உன் மருமகள் உன்னைக் கட்டிப் போட்டுட்டாடி. நீ பத்தாம் தேதி என்ன கத்தியும் பிரயோஜனம் இல்லை. அவ போன்ல சொன்ன 'ம்' வேணாம்னும் ஆகாது" என்றார்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மெத்தைக்கடைக்காரரிடமும் சொல் கொடுத்துவிட்டேனே, ஒரே கடையை இரண்டு பேருக்குக் கொடுத்தவள் ஆகிவிட்டேனே என்று வெட்கம். ஏதாவது வழி பிறக்கும் என்று நானும் உன்னைப்போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அந்த மனுஷர் சரக்கை இறக்கிவிட்டார்.

போனில் உன்னைக் கேட்ட கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். வேண்டாமா என்று கேட்டால் வேண்டாம் என்கிற பதிலை நானே உன் வாயில் ஊட்டிவிட்ட மாதிரி. அதுவும் அவன் பக்கத்தில் நிற்கும்போது. என் தம்பிக்கு நான் அக்கா என்பதை நிரூபித்துவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீ கோபப்படலாம். என்னை விட்டுவிடுவாயா? நீ விட்டுவிட்டால் நான் மெத்தைக்கடைக்காரரிடம் சொல் தவறாமல் இருப்பேன். என் தம்பியும் அடங்குவான். மெத்தை உறை தைக்க ஆள் வேண்டும் என்று பத்தாம் தேதி போனிலேயே சொன்னார், மெஷினோடு உனக்கு அவர் கடையிலேயே ஒரு மூலை தருவாராம். இதை நான் கேட்கத்தான் முடியும். விடுவதும் விடாததும் உன் கையில் என்று வக்கீலம்மா சொல்லச் சொன்னார். நான் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

பதில் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அத்தை

*

மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

விட முடியாது. நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி உங்களுக்கு எழுதி முடித்ததுமே மெத்தைக்கடைக்காரரிடம் போனேன். அவர் ஒருத்தருக்கு மெத்தை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அந்த ஆள் போய், இன்னொருவர் வந்து, அவரும் போனார். அப்புறம்தான், "என்னம்மா, ஊசி?" என்றார்.

"அத்தை எனக்குக் குடுத்த கடை அது" என்றேன்.

"எனக்குத்தாம்மா குடுத்தாங்க. போன்லயே சொன்னாங்களே."

"உங்களுக்குச் சொன்னது பத்தாம் தேதி. நான் சரின்னு தபால்ல போட்டது ஒன்பதாம் தேதி. இல்லாத கடையைத்தான் உங்களுக்குக் குடுத்திருக்காங்க."

அவர், "உனக்குப் பேச வருமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மெத்தையை அவர் உடனே எடுக்கவில்லை. உங்களைத் திட்டினார். நான் போய் ஷட்டரை உதைத்துத் தூக்கி, ஒவ்வொரு மெத்தையாக இழுத்து அவர் கடை வாசலில் சாய்த்து வைத்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். காது வரைக்கும் எனக்கு எரிந்தது. பாதி இழுத்த பிறகு அவரே வந்து மறுமுனையைப் பிடித்தார். "உங்க அத்தைகிட்ட சொல்லிடு, வாக்குத் தவறினவங்க கணக்குல அவங்க பேரையும் எழுதிக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டேன். நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போன் வேண்டாம்.

நீங்கள் சொன்ன மூலை எனக்கு வேண்டாம். அவர் கடையில் ஒரு மூலை என்றால் அவர் எப்போது வேண்டுமானாலும் மெத்தை அடுக்கலாம்.

சின்ன மெஷினின் சக்கரம் கீழே கிடந்ததில் கொஞ்சம் கோணியிருக்கிறது. தைக்கும்போது ஒரு சத்தம் வருகிறது. ஆனாலும் தைக்கிறது. பூட்டை மாற்றிவிட்டேன். சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.

வீட்டில்தான் சரியில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருப்பார், தட்டையே பார்ப்பார். நேற்று கடைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். ஒரு அம்மா சூட்கேஸ் சக்கரம் மாற்ற வந்திருந்தார், நான் வேலையாக இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டார்.

கோபமா, சம்மதமா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மௌனத்தை நான் எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை அத்தை. நாளைக்கும் கூப்பிடுவேன்.

ஊசி